கழுதைக் குழுவில் இடமில்லை

மன்னாரில் கழுதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றைப் பற்றி ஆராய வகுப்பில் அமைத்த குழுவில் எனக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று.

நாங்கள் வாடைக்காற்றோடு தாழ்வுபாட்டுக் கரைக்கு வந்து, கடல் பக்கமிருந்து சோழகக் காற்று எழும்பியதும் கிழக்குக் கரைக்குப் போய்விடும் குடும்பம். அப்பாவின் மீன்பிடித் தொழில் அப்படி. கரையில் கிடுகால் ஒரு குடில் போட்டுக் காற்று மாறும்வரை இருப்போம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என்னையும் ஒரு வாங்கில் இருத்துவார்கள். பாடத்தின் நடுவில் வந்து ஏறி, இன்னொரு பாடத்தின் நடுவில் இறங்கிவிடுவேன். என் பெயர் எல்லோருக்கும் மனப்பாடமாகிற நேரத்தில் லொறி வந்துவிடும்.

அந்த வருஷம் செயற்றிட்டம் என்று ஒன்று வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, ஊருக்குள் போய்ப் பார்த்தும் செய்தும் படிக்க வேண்டுமாம். தவணை முடிவில் கண்காட்சி. பெற்றோருக்குக் கதிரை போடுவார்கள், பிள்ளைகள் தங்கள் வேலைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். ஒரு குழு கிணற்றுத் தண்ணீரில் உப்புப் பார்த்தது. ஒரு குழு பழைய டயருக்குள் வெண்டி நட்டது. மூன்றாவது குழு கழுதைகளின் பின்னால் திரிந்து, அவை என்ன தின்கின்றன என்று பார்த்தது. எனக்கு அந்தக் குழுதான் வேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் தெருச்சுற்ற யாருக்குத்தான் கசக்கும்?

குழுத் தலைவி என் வாங்கில் பக்கத்தில் இருந்தவள். கெட்ட பிள்ளை இல்லை.

“நீ இடையில போயிடுவாய். பிறகு உன்ர கழுதையை ஆர் பாக்கிறது?” என்றாள்.

நியாயமான கேள்வி. நியாயமாக இருந்தபடியால்தான் எனக்கு அழுகை வந்தது. மற்றக் குழுக்களும் அதையேதான் வேறு வேறு மாதிரிச் சொன்னார்கள்.

ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். “நீர் காத்தைப் பாரும். காத்து மாறுற அண்டைக்கு உம்மட வேலை முடியும்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றவர்களுக்கு வெண்டியும் கழுதையும். எனக்கு ஒரு தடியும் அதன் நுனியில் கட்ட ஒரு பொலித்தீன் துண்டுமா? அதுவும், எங்களைத் துரத்துகிற காற்றை நானே காவல் காக்க வேண்டுமா?

வேலை இதுதான். கடற்கரை வேலியோரம் நட்ட தடியைக் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். துண்டு கடல் பக்கம் பறந்தால் வகுப்புச் சுவரில் நீலக் கடதாசி ஒட்டுவேன். பள்ளிக்கூடப் பக்கம் பறந்தால் சிவப்பு. ஒரு கிழமை முழுக்கச் சிவப்பு வந்தால் காற்று மாறிவிட்டது என்று கணக்கு. இப்போது அந்தக் கரை நெடுகப் பெரிய காற்றாலைகள் நிற்கின்றன. அப்போது நான் ஒருத்திதான். பெடியள் ‘காத்துக்காரி’ என்று கூப்பிட்டார்கள்.

ஒருநாள் போனால் தடி மட்டும் நிற்கிறது. பொலித்தீனை ஒரு கழுதை சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. கழுதைக் குழு ஓடிவந்து அதைத் தங்கள் கண்டுபிடிப்பாக எழுதிக்கொண்டது. என் செயற்றிட்டத்தையே கழுதை தின்ற பிறகும் அந்தக் குழுவில் என்னைச் சேர்க்கவில்லை. அம்மா தன் பழைய சேலையின் கரையைக் கிழித்துத் தந்தா.

மாசி, பங்குனி முழுக்க நீலம். கண்காட்சி வரைக்கும் வாடையே அடிக்கட்டும் என்று மாதாவிடம் மன்றாடினேன். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. “விசரி, அப்பிடிக் கேளாதை. காத்து நிண்டா அங்கால தொழில் என்னாகும்?” என்றா. பிறகு நான் மனதுக்குள் கேட்டேன்.

மாதா அம்மாவின் பக்கம்தான். முதலில் சேலைக்கரை துவண்டு தொங்கியது. பிறகு ஒரு காலை, பள்ளிக்கூடத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்தடுத்த நாளும் சிவப்பு. வீட்டில் அப்பா வலைகளைச் சுருட்டத் தொடங்கினார்.

கடைசிச் சிவப்பை நான் ஒட்டிய காலையில், ரீச்சர் படிப்பித்துக்கொண்டிருந்த பாடத்தை நிற்பாட்டினார். மற்றப் பிள்ளைகளைத் தங்கள் வாங்குகளைக் கண்காட்சியில் போலச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். “இண்டைக்குக் காத்துக் குழுவின்ர வேலை முடிஞ்சுது. வகுப்பில முதல் முடிச்சது இவதான். இனி இவ சொல்லுவா, நீங்கள் கேளுங்கோ.”

நான் நின்று சொன்னேன். நீலத்தையும் சிவப்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். கழுதைக் குழுத் தலைவி கையை உயர்த்தி, “சோழகம் இனி எப்ப போகும்?” என்று கேட்டாள். “நாங்கள் திரும்பி வாறபோது” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் இருந்திருக்கிறேன். தொடங்கிய ஒரு வேலையை முடித்துவிட்டுப் படியிறங்கியது அங்கே மட்டும்தான். நான் இருக்கப்போகிற காலத்தை அளந்து, அதே நீளத்தில் ரீச்சர் ஒரு வேலையைத் தேடி எடுத்திருக்கிறார். அது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. மத்தியானம் லொறியில் வலைகளின் மேல் ஏறி இருந்தபோது தெருவில் ஒரு கழுதை நின்றது. அது என்ன தின்கிறது என்று, லொறி திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனேன்.