ரதம் கோஸ்தான் போன இடம்

ஈப்போ வரை போய்விட்டு அந்த ஊருக்கே பேர் வாங்கித் தந்த வெள்ளைக் காப்பிகூடக் குடிக்காமல் திரும்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போன மாதம் போனது சுற்றிப்பார்க்க அல்ல. என் மனைவி கவிதா பிறந்த ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. இந்த வருடம் கட்டாயம் வரவேண்டும் என்று அவளுடைய அண்ணன் செல்வம் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார்.

கிள்ளானிலிருந்து ஈப்போ இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்பியும், தாப்பா பக்கம் நெரிசலில் மாட்டி, ஈப்போ சிலிபினில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போய்ச்சேரப் பதினொன்று ஆகிவிட்டது. அவரையும் ஏற்றிக்கொண்டு சித்தியவான் பக்கம் இன்னொரு எண்பது கிலோமீட்டர். கூகுளை நம்பாதீர்கள், செம்பனைத் தோட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். எங்களை விட்டது.

தோட்டம் என்கிறேனே தவிர, ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தும் பல காலமாகிறது. கோயில் மட்டும் நிற்கிறது. ஆனாலும் திருவிழா அன்று, எங்கெங்கோ போய்விட்ட குடும்பங்கள் திரும்பி வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் அர்ச்சனைத் தட்டோடு நிற்பார்கள். லாரியில் ரதம் வரும். பூசாரி தட்டை வாங்கித் தீபம் காட்டுவார்.

செல்வம் மச்சான் வீடு இருந்த இடத்துக்கு மட்டும் ரதம் போகாது. அது வாய்க்காலைத் தாண்டி, தலித் குடும்பங்களை ஒதுக்கி வைத்திருந்த லயம். ரதம் வாய்க்கால் பாலத்தோடு திரும்பிவிடும். வீடும் இல்லை, லயமும் இல்லை, அட, இன்னும் பாலத்தோடுதான் திரும்புகிறது! வருடா வருடம் கேட்டு மச்சானுக்கு நாக்கு வறண்டதுதான் மிச்சம். கோயில் கமிட்டி "பார்க்கலாம் லா" என்று சொல்லியே ஓட்டிவிட்டது. இந்த முறை அவர் கேட்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப்போய் நின்றுவிட்டார். நாங்களும் நின்றோம்.

"ஆத்தா வந்தா வரட்டும். வரலன்னாலும் நான் இங்க நின்னேன்னு இருக்கட்டும்" என்றார்.

வழக்கமான லாரி பழுதாம். சித்தியவானிலிருந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அந்த டிரைவருக்கு இந்தப் பழக்கமெல்லாம் தெரியாது. தட்டோடு ஆள் நிற்பதைப் பார்த்தார், நேராகப் பாலத்தைத் தாண்டி எங்கள் முன்னால் வந்து நிறுத்தினார். கவிதா அழுதேவிட்டாள். மச்சான் தட்டை உயர்த்தினார், பூசாரி குனிந்து கை நீட்டினார்.

அதற்குள் கமிட்டித் தலைவர் ஓடிவந்து லாரியைத் தட்டினார். "கோஸ்தான்! கோஸ்தான்! பின்னால எடுங்க!"

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏன் அண்ணே? ரோடு நல்லாத்தான இருக்கு. ஆளு வேற நிக்கிறாங்க."

"இங்கல்லாம் பழக்கம் இல்ல லா. சொன்னா கேளுங்க."

பூசாரி கையை இழுத்துக்கொண்டார். லாரி பீப் பீப் என்று பின்னால் போனது. அம்மன் எங்களைப் பார்த்தபடியே பாலத்தைத் தாண்டிப் போனாள். தட்டு மச்சான் கையிலேயே இருந்தது.

அந்தத் தலைவர் கெட்ட மனிதர் என்றால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் அன்னதானத்தில் உட்காரவைத்து, "மனசுல வச்சிக்காதீங்க தம்பி, அங்க லாரி திரும்ப இடம் பத்தாது" என்றார். சண்டை போடக்கூடத் தெம்பில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் எடுத்துப்போங்கள், பக்கத்தில் கடை கிடையாது. ரதம் மாலை ஐந்துக்குக் கிளம்பும், நான்குக்கே போய்விடுங்கள். காரைப் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நிறுத்தலாம், தாராளமான இடம். இரண்டு லாரி திரும்பும்.

சிலிபினுக்குத் திரும்பும்போது உடைக்காத தேங்காயோடு தட்டு மச்சான் மடியில் இருந்தது. தாங்கமுடியாமல், "விடுங்க மச்சான், அடுத்த வருஷம் நாம வரவே வேணாம்" என்றேன்.

"வரலன்னா, அங்கதான் ஆளே இல்லையேன்னு சொல்லிடுவாங்க லா" என்றார்.