மகள் பெயரில் இருந்த கணக்கு

1952 தை மாதத்தில் எனக்குத் திருமணமானபோது அப்பா ஓர் எருமையைச் சீர்வரிசையாக ஓட்டிவிட்டார். சீராக வந்த மாட்டின் பால்காசு எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு உரியது. கணவர் கேட்பதில்லை, மாமியாரும் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும், வீட்டுக்கு உப்பும் மிளகாயும் சீமெண்ணெயும் அந்தக் காசிலிருந்தே வர வேண்டும். நெல்லும் நிலக்கடலையும் விற்ற பணம் ஆண்களின் கணக்கு. அது வருடத்துக்கு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் தீர்ந்துபோகும். என் காசு பத்து நாளுக்கு ஒரு தடவை வந்தது. கொஞ்சமாக வந்ததால் மிச்சம் பிடிப்பது எளிதாக இருந்தது.

எங்கள் தோட்டம் அப்போதைய திருவிதாங்கூர்-கொச்சியில், மதராஸ் எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரத்துக்கு மேற்கே, மாட்டுவண்டியில் ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தது. பால்காரர் தினமும் விடிவதற்குள் வந்து, சைக்கிளின் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சித்தூர்ப் பக்கத்து டீக்கடைகளுக்குப் போவார். தபாலாபீஸ் அவர் போகும் வழியில் இருந்தது. 1954இல் மகள் பிறந்து மூன்றாம் மாதம், அங்கே அவள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினோம். கார்டியன் என்று என் கணவர் கையெழுத்திட்டார்.

என் பெயரில் தொடங்கியிருக்கலாம். ஆனால் மருமகள் தனியாகப் பணம் சேர்க்கிறாள் என்ற பேச்சு வந்திருக்கும். பெண் குழந்தையின் பெயரில் போட்டால் அது கல்யாணத்துக்கு என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். உறவுக்காரர்கள் கைமாற்றுக் கேட்டு வரமாட்டார்கள். எனக்குத் தெரிந்து அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் நாலைந்து பெண்கள் இப்படித்தான் தங்கள் சிறுவாட்டுக் காசைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பணத்தை அவசரத்துக்கு எடுக்க முடியுமா என்று ஒருத்தியும் விசாரித்ததில்லை. நானும் விசாரிக்கவில்லை.

மாதத் தொடக்கத்தில் போட்டால்தான் அந்த மாதத்துக்கு வட்டி உண்டு என்று பால்காரர் கேட்டுவந்து சொன்னார். அதன்பிறகு ஒவ்வோர் இங்கிலீஷ் மாதமும் இரண்டாம் தேதிக்குள் புத்தகத்தையும் ஐந்து ரூபாயையும் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்துவிடுவேன். மறுநாள் புத்தகம் முத்திரையோடு திரும்பி வரும்.

1956 ஐப்பசி முதல் வாரத்தில் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பகலில் அவளைப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் கணவரே வண்டி ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு உயிர் இல்லை என்றார். அதே வண்டியில் திரும்பி வந்து எங்கள் தோட்டத்து மேட்டில் புதைத்தோம். அவளுக்கு இரண்டு வயது ஒன்பது மாதம். மறுநாள் காலை எருமையைக் கறந்தேன். கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும்.

நவம்பர் முதல் தேதி கேரள மாநிலம் பிறந்தது. சித்தூரில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததாகப் பால்காரர் சொன்னார். வழக்கம்போல் புத்தகத்தையும் பணத்தையும் அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு சற்று நின்றார்.

"அம்மிணி, போடோணுங்களா?"

"போடுங்க."

"செரிங்க." துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அங்க ஒண்ணும் கேக்கமாட்டாங்க. காசு குடுக்கறவனை எவன் கேப்பான்? எடுக்கப் போனாத்தான் பாட்டன் பூட்டன் வரைக்கும் விசாரிப்பானுங்க."

அப்படியே மாதாமாதம் போட்டேன். இரண்டாம் தேதி வந்தது. ஐந்து ரூபாய் மிச்சம் இருந்தது. புத்தகம் பெட்டியில் இருந்தது. நிறுத்த வேண்டுமானால் அதற்கு ஒரு காரணத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தைமாதப் பொங்கலில் மாட்டுக்குப் பொட்டு வைத்தேன். பங்குனியில் நிலக்கடலை உரித்தேன். அந்த வருடத்தைப் பற்றி எனக்கு நினைவிருப்பவை இப்படிப்பட்ட வேலைகள்தான்.

1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. பால் கணக்கைத் தீர்க்கும்போதெல்லாம் பால்காரருக்குக் கோபம்.

"ஓரணாவுக்கு ஆறு நயா பைசாங்கறான். ரெண்டணாவுக்குப் பன்னெண்டு. நாலணாவுக்கு மட்டும் இருவத்தஞ்சாமா. நடுவால அந்த ஒரு பைசாவை எந்த மாடு தின்னுச்சுங்க?"

என் கணவர் சிரித்தார். வீட்டில் அப்படியொரு சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. நான் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் கிணறு வற்றியது. கணவர் ஆள் வைத்து ஆழப்படுத்தினார். பாறை தட்டியது. வெடி வைத்தும் நீர் கசிந்ததே தவிர ஊறவில்லை. நெல் விற்ற பணமும் கடலை விற்ற பணமும் அந்தக் குழிக்குள் போயின. ஆவணியில் எனக்கு ஆறு மாதம். கார்த்திகைக் கடைசியில் பிரசவம் என்று மருத்துவச்சி கணக்குச் சொன்னார். முதல் பிரசவத்திலேயே எனக்கு நிறைய ரத்தம் போயிருந்தது. இந்த முறை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அவர் சொன்னார்.

அன்று மாலை என் கணவர் தொழுவத்துக்கு வந்தார்.

"ஏம்புள்ள, கார்த்திகை பொறந்தொடனே பொள்ளாச்சியில ரூம் எடுத்துத் தங்கிக்கலாம். ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்பல. இன்னொருக்கா வண்டியில போக என்னால முடியாது."

"பணத்துக்கு?"

"என்ற கையில ஒண்ணுமில்ல. பாப்பா புத்தகத்துல இருக்கறத எடுக்கலாமா? உன்ற காசு. நீ சொன்னாத்தான்."

"எடுங்க," என்றேன்.

மறுநாள் அவர் தபாலாபீஸுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். புத்தகத்தைக் கட்டிலின்மேல் வைத்தார்.

"போன மாசம் வரைக்கும் வரவு இருக்குது."

"ஆமாங்க."

"நீ போட்டியா?"

"பால்காரருகிட்டக் குடுத்துவுட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செரி," என்றார். "அதுவும் ஒதவும்."

போஸ்ட்மாஸ்டர் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர், நிதானமான மனிதர். மகள் இறந்ததை என் கணவர் அவரிடம் மறைக்கவில்லை. அவர் சொன்னதை என் கணவர் அவர் குரலிலேயே திருப்பிச் சொன்னார்: "பணத்தைத் தரமாட்டேன்னு சொல்லலை, கேட்டேளா. கணக்கு குழந்தை பேர்லே இருக்கு. குழந்தை போயாச்சுன்னு ஒரு காயிதம் வேணும். தேதியும் ஸ்தலமும் அதுலே இருக்கணும்."

எங்களிடம் அந்தக் காகிதம் இல்லை. எங்கள் தோட்டங்களில் குழந்தை இறந்தால் யாரும் போய்ப் பதிவதில்லை. புதைத்துவிட்டு வருவார்கள். கணவர் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிரில்லாமல் வந்த குழந்தை, எங்கள் புத்தகத்தில் ஏறாது, உங்கள் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனார். எங்கே இறந்தது என்று குமாஸ்தா கேட்டார். பொள்ளாச்சியில் என்றார் இவர். இவர் அறிந்தது அதுதான். அப்படியானால் அது மதராஸ் ராஜ்ஜியத்துக் காரியம், அங்கே போய்க் கேள் என்று குமாஸ்தா புத்தகத்தை மூடிவிட்டார். அங்கிருந்து மறுபடியும் ஆஸ்பத்திரி. மறுபடியும் பஞ்சாயத்து. புரட்டாசி முழுதும் இப்படிப் போயிற்று. எருமையை விற்கலாமா என்று ஒருநாள் கேட்டார். கிணறுகள் வற்றிய வருடத்தில் சினை மாட்டையும் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். அதோடு வீட்டில் தினமும் புழங்கிய காசும் போய்விடும். நான் வேண்டாம் என்றேன்.

ஐப்பசியில் ஒரு காலை, நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டேன்.

பஞ்சாயத்து ஆபீஸ் ஒரே அறை. குமாஸ்தா மலையாளி. தமிழர்களோடு பேசிப் பேசி இரண்டையும் கலந்து பேசுவார்.

"பின்னேயும் வந்நோ? நான் பறஞ்சாச்சல்லோ. மரிச்சது பொள்ளாச்சியில எந்நு பறஞ்சா, நான் எப்படி எழுதுறது? என்ட ரிஜிஸ்தர்ல இந்தப் பஞ்சாயத்து மாத்ரம்தான்."

"பொள்ளாச்சியில இல்லீங்க," என்றேன்.

"பின்னே எவிடே?"

"வாய்க்கால் பாலம் தாண்டி. செக்போஸ்ட்டுக்கு முன்னால."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் கணவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

நடந்தது இதுதான். வண்டி வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கியபோது மகள் என் மடியில் ஒருமுறை உடம்பை முறுக்கினாள். அதன்பிறகு அவள் கை என் விரலைப் பிடித்திருக்கவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். வெகுநேரம் வைத்துப் பார்த்தேன். மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். அரிசி கடத்துகிறார்களா என்று பார்ப்பது அங்கே வழக்கம். சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்து, குழந்தைக்கு என்ன என்று கேட்டான். காய்ச்சலுங்க, சீக்கிரம் உடுங்க என்றார் என் கணவர். சிப்பாய் கட்டையைத் தூக்கினான். அவர் மாடுகளை அடித்து ஓட்டினார். பொள்ளாச்சி வரைக்கும் அடித்து ஓட்டினார். அந்த மாடுகளை அவர் அதற்கு முன்னால் அடித்து நான் பார்த்ததில்லை.

குமாஸ்தா எழுந்துபோய் அலமாரியில் இருந்து வேறொரு புத்தகத்தை எடுத்துவந்தார். கேரளத்துக்கு முந்தைய புத்தகம். அதில் எழுதத் தேதியைக் கேட்டார், சொன்னேன். மலையாள மாதத் தேதியும் கேட்டார், அதையும் சொன்னேன். நேரம் கேட்டார். உச்சி திரும்பின பிறகு என்றேன்.

"வருஷம் ஒண்ணு வைகி எழுதுறதுக்குப் பிழை, அபராதம் கட்டணும்," என்றார். குரல் தணிந்திருந்தது. "ஒரு சாட்சியும் வேணும். கூட யாரு இருந்தது?"

"இவங்க மட்டுந்தாங்க."

புத்தகத்தை என் கணவர் பக்கம் திருப்பினார். எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார்: இன்ன பாலத்துக்கும் செக்போஸ்ட்டுக்கும் இடையில், காய்ச்சலால். மேற்படி விவரத்தை நேரில் அறிந்தவர் என்ற இடத்தில் கையெழுத்திட வேண்டும்.

"அறிந்தவரா?" என்றார் என் கணவர்.

"வண்டியில நிங்களும் உண்டாயிருந்நு அல்லே?"

"இருந்தனுங்க. வண்டிய ஓட்டிக்கிட்டிருந்தேன்."

"அது மதி, போதும்."

அவர் பேனாவை வாங்கினார். மை காய்ந்திருந்தது. குமாஸ்தா மைக்கூட்டை நகர்த்தி வைத்தார். தொட்டு எழுதினார். எப்போதும் பெயரை ஒரே இழுப்பில் போடுபவர், அன்று எழுத்தெழுத்தாகப் போட்டார்.

திரும்பும் வழியில் பாதித் தூரத்தில், முன்னால் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டியத் திருப்பியிருப்பீங்க."

"திருப்பித்தான் இருப்பேன்."

"அதுக்குத்தான்."

"டாக்டர் பாத்தா மட்டும் என்ன ஆயிருக்கும்?"

"நான் பாத்தது தப்பா இருந்தா?"

கொஞ்ச தூரம் போனபிறகு அவர் இறங்கி, மாடுகளோடு நடந்துவந்தார். வீடு வரைக்கும் ஏறவில்லை.

காகிதம் ஐப்பசி முடிவதற்குள் கைக்கு வந்தது. தபாலாபீஸில் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுப் பணத்தைக் கொடுக்கக் கார்த்திகை பத்தாம் தேதியாகிவிட்டது. மகள் போனபிறகு போட்ட பணத்துக்கு வட்டி உண்டா என்று அங்கே ஒரு கேள்வி எழுந்ததாம். அசல் போதும் என்று என் கணவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இருநூறு ரூபாய்க்குமேல் கிடைத்தது. பொள்ளாச்சியில் மண்டிக்குப் பின்னால் ஓர் அறை எடுத்தோம். வாடகை, விறகு, எனக்குப் பால், ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஒரு தொகை என்று பிரித்துத் துணியில் முடிந்து வைத்திருந்தேன். அந்த முடிச்சுகளை அவர் அவிழ்க்க மாட்டார். ஒவ்வொரு காலையும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்.

பையன் பிறந்தான். ரத்தம் போயிற்று, ஊசி போட்டு நிறுத்தினார்கள். வீட்டில் இருந்திருந்தால் என்று நர்ஸம்மா ஆரம்பித்துவிட்டு முடிக்கவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்குத் தூக்கம் வந்தது.

மாசியில், பையனைத் தூக்கிக்கொண்டு இருவரும் தபாலாபீஸுக்குப் போனோம். மீதியிருந்த முப்பத்தெட்டு ரூபாயைப் போட வேண்டும். போஸ்ட்மாஸ்டர் பையனைப் பார்த்துவிட்டுப் புது ஃபாரத்தை எடுத்தார்.

"குழந்தை பேர்லேதானே?"

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார். "வேண்டாமுங்க. அவிய பேருலயே இருக்கட்டும். காசு அவியளுது."

"அதுக்கென்ன, ஆகட்டும். கையெழுத்துப் போடுவாளோ?"

"எங்கூட்டுல என்னயவிட நல்லாப் போடுவாங்க."

போஸ்ட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் நின்றார். "இதுலே என்ன எழுதறது? ஹவுஸ் ஒய்ஃப்னு போட்டுடட்டுமா?"

நான் தலையாட்டப் போனேன்.

"பால் யாவாரமுன்னு எழுதுங்க," என்றார் என் கணவர்.

போஸ்ட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மறுக்கவில்லை. அப்படியே எழுதினார்.