தானாக நகர்ந்த பக்கம்

அத்தை இறந்தபின் எங்கள் மொரப்பூர் வீட்டில் நானும் மாமனாரும்தான். கணவருக்கு ஓசூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மாமா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரு காலத்தில் வாய் ஓயாமல் பேசியவர், அத்தை போனதிலிருந்து பேச்சையே நிறுத்திவிட்டார். சாப்பிடுங்க என்றால் சாப்பிடுவார், காபி வேண்டுமா என்றால் தலையாட்டுவார். அவர் பழையபடி பேசினால் போதும் என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. சுவரோடு எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது?

வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் முக்கி முனகியதால் கடைக்காரர் விண்டோஸை எடுத்துவிட்டு அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். மின்னூல் படிக்க அதற்கு ஒரு நல்ல மென்பொருள் தேடினேன். முதலில் போட்டதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடியது. ஒவ்வொரு வரிக்கும் மவுஸைப் பிடித்து இழுக்க எனக்கென்ன தலையெழுத்தா? அடுத்ததில் தமிழே சரியாக வரவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். மூன்றாவது தங்கம். எழுத்து பெரிதானால் வரி தானே மடங்கிக்கொள்ளும். மூடிவிட்டுத் திறந்தால் விட்ட பக்கத்திலேயே நிற்கும். ஒரு துப்பறியும் நாவலை வாங்கிப் போட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, சோறு வேகும் நேரத்தில் படித்தேன்.

கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தது. பிறகு திறக்கும்போதெல்லாம் நான் விட்ட இடத்தைத் தாண்டி எங்கோ போய் நின்றது. நான் பங்களாவில் நடந்த திருட்டைப் படித்துக்கொண்டிருக்க, திரையில் யாரோ ஒரு வக்கீல் கிணற்றில் விழுந்து கிடந்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கணவருக்குப் போன் போட்டேன்.

"பக்கத்த ஞாபகம் வெச்சிக்கத் தெரியாத சனியன எதுக்குங்க வெச்சிருக்கணும்?"

"எடுத்துட்டு வேற ஒன்னு போடு. அதுக்குப் போயி ஏன் இந்தக் கத்து கத்தற?" என்றார்.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். அன்றே அதைத் தூக்கிவிட்டு நான்காவதாக ஒன்றைப் போட்டேன்; நாவலை அதில் ஏற்றத்தான் நேரம் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் கம்பைநல்லூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தபோது மாமா வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, பொட்டியில இருந்த அந்தக் கதய எடுத்துட்டயா?"

கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டேன்.

"நீங்களா மாமா படிச்சிங்க?"

"நீ பள்ளிக்கோடம் போனப்புறம் வூட்ல எனக்கென்ன வேல? நீ தொறந்து வெச்சதப் பாத்தேன், படிச்சேன். போன்ல கத்தறப்பவே சொல்லலாம்னு இருந்தேன், வாய் வல்ல. இப்ப அந்த வக்கீல் பொழச்சானா செத்தானான்னு தெரியாம மண்ட காயுது."

"எனக்கெப்படிங்க மாமா தெரியும்? நான் இன்னும் திருட்டுலயே நிக்கறேன்."

"திருட்டுலயேவா?" நிமிர்ந்து உட்கார்ந்தார். "திருடுனது யாருன்னு நெனச்ச? அந்தச் சின்ன மருமவன்தான்!"

துப்பறியும் கதையில் அதைச் சொல்லலாமா? வேறு யாராவது சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். மாமா நிறுத்தவில்லை. கையை ஆட்டி ஆட்டி, நகையை எங்கே ஒளித்தான், வக்கீல் எப்படி மோப்பம் பிடித்தார் என்று சொல்லிக்கொண்டே போனார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"அப்புறம்?" என்றேன்.