நண்டின் கண்ணுக்குப் பசு சாட்சி சொல்லுமா?

போன வாரம் என் மனைவி சங்கரிக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. மறுநாளே பக்கத்து வீட்டு அண்ணாச்சி காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தார்.

"இவ நண்டு டாக்டர், அண்ணாச்சி."

"நண்டுக்கு என்ன சீக்கு?"

நண்டுக்கு ஒன்றுமில்லை. சீக்கு பிடித்துக் கிடந்தது எங்கள் வீட்டு நிம்மதிதான்...

விஷயம் இதுதான். வெளிச்சம் பட்டதும் கண்ணின் செல்லுக்குள் ஒரு புரதம் விழித்துக்கொள்கிறது. அது ஒரு என்சைமை எழுப்பிவிட, சேதி மூளைக்குக் கிளம்புகிறது. பசுவின் கண்ணில் எந்த என்சைம் என்று முன்பே தெரிந்துவிட்டது. அச்சன்புதூர் வயல் நண்டின் கண்ணில் அந்தப் புரதம் வேறொரு என்சைமை எழுப்புவதாகச் சங்கரி கண்டாள். எத்தனை முறை சோதனை செய்தாலும் அதேதான்.

அவளுடைய ஆராய்ச்சிக்குக் கைடு, பசுக் கண்ணில் பேர் வாங்கிய பேராசிரியர். 'ரிசல்ட் தப்பு. மாற்றினால்தான் தீசிஸ் போகும்' என்று சொல்லிவிட்டு, சீசனுக்குக் குற்றாலம் போய்விட்டார்.

விடுவாளா? நாங்களும் பஸ் ஏறினோம் — நான் குடை பிடிக்க.

சாரல். லாட்ஜ் முற்றத்தில் பேராசிரியர் துண்டோடு உட்கார்ந்திருந்தார். ஒருவர் அவர் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பசுவுக்கு ஒரு சட்டம், நண்டுக்கு ஒரு சட்டமா?"

"இருக்கலாம்லா சார். நண்டு கண்ணைப் பாக்காம, பசுவை வச்சு எப்படிச் சொல்லுதிய?"

எண்ணெய் தேய்ப்பவர் கை நின்றுவிட்டது.

"மாத்தலைன்னா கையெழுத்துப் போட மாட்டேன்."

"போட வேண்டாம் சார். பொய்யை எழுதி எனக்குப் பட்டம் வேண்டாம்."

திரும்பி நடந்தாள். நானும் குடையும் பின்னால் ஓடினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "இத்தனை வருசமும் போச்சுன்னு நினைக்கியா?" என்றேன்.

"போனா போகட்டும். நாளைக்கு வயல்ல நண்டு பிடிக்கணும். வாரியளா?"

போனேன். கடியும் வாங்கினேன்.

வேறொரு கைடு கிடைக்க அலைந்தாள்; கடைசியில் ஒரு பேராசிரியை ஏற்றுக்கொண்டார்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார்கள். செய்தாள். அதே ரிசல்ட். வாய்மொழித் தேர்வு அன்று பழைய பேராசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலைச் சொன்னாள், இம்முறை படம் போட்டு. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தேர்வாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பெரியவர் வந்தால் எழுந்து நிற்கலாம், தப்பில்லை... நாம் கண்ட உண்மையையும் அவருக்காக ஏன் இடத்தை விட்டு எழுப்ப வேண்டும்?