சீஸ் என்னோடு வரும்

என்னைச் சாமான்களோடு சேர்த்தது சம்பந்தியம்மாதான். அதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

என் மகள் மணம் முடித்தது ஒரு நோர்வேக்காரப் பையனை. அவனுடைய தாய்தான் சம்பந்தியம்மா. கணவரை இழந்தவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், மலையில் ஒரு மரக்குடில் வைத்திருப்பவர். புதுவருடம் முடிந்த கையோடு ஒஸ்லோவில் அவர் வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, மாசி மாத விடுமுறைக்கு எங்கள் எல்லோரையும் அந்தக் குடிலுக்கு அழைத்தார். வாகனம் நிறுத்துகிற இடத்திலிருந்து குடிலுக்குத் தெருக் கிடையாது. பனிக்குள் ஸ்கீயில், காலில் பூட்டுகிற அந்த நீளச் சறுக்குப் பலகைகளில், ஒரு மணித்தியாலம் ஏறவேண்டும். போய்ச் சேர்ந்த முதல் மாலை, கணப்படுப்பின் முன்னால் சீஸை உருக்கி உருளைக்கிழங்கின் மேல் வழித்துச் சாப்பிடுவது அவர்கள் குடும்பத்து வழக்கம். அவருடைய தகப்பன் சுவிஸில் வேலை செய்த காலத்தில் கொண்டுவந்த பழக்கமாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார். நோர்வே மொழியில் எல்லோருக்கும் எல்லோரும் ‘நீ’தான்.

“பிள்ளைகள் ஸ்கீயில் வரட்டும். நீ என்னோடு பனிஸ்கூட்டரில் வா. அது இழுக்கிற வண்டியில் சாமான்களோடு இரண்டு பேர் இருக்கலாம். உன் கணவர் ஸ்கூட்டர் போன தடத்தில் மெதுவாக நடந்து வரட்டும்.”

சாமான்களோடு. நான் கோப்பையைக் கீழே வைத்தேன். இருபது வருடமாக ஒஸ்லோத் தெருக்களில் ட்ராம் ஓட்டுகிறவள் நான். பனி கொட்டக் கொட்ட ஒரு நகரத்துச் சனத்தை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவளை, உருளைக்கிழங்குப் பைக்குப் பக்கத்தில் வைத்து இழுத்துக்கொண்டு போகப் போகிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் ஸ்கீயில்தான் வருவேன்,” என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். என் கணவர் கூரையைப் பார்த்தார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவர் வாயைத் திறந்தார். “உமக்கென்ன விசரே? இந்த நாட்டுக்கு வந்து எத்தினை வருசம். ஒருநாளாவது ஸ்கீயிலை கால் வைச்சிருக்கிறீரே?”

“இனி வைப்பன்.”

“விழுந்து இடுப்பை முறிச்சால் ஆர் பாக்கிறது?”

“நீங்கள்தான். வேறை ஆர்?”

வாகனத்தை ஒரு வளைவில் திருப்பினார். பிறகு மெல்லக் கேட்டார். “அப்ப ஸ்கூட்டரிலை உம்மடை இடம் எனக்கோ?”

“ஓம். வடிவா இருந்து வாங்கோ,” என்றேன். கடைக்கு நடக்கவே பஞ்சிப்படுகிற மனிசன். முகத்தில் வந்த சந்தோசத்தை மறைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை.

ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு. அதற்குள் விளக்குப் போட்ட ஸ்கீப் பாதை ஒன்று ஓடுகிறது. வீடு வாங்கிய நாளிலிருந்து அதை யன்னலால் பார்த்ததோடு சரி. பழைய ஸ்கீ ஒரு சோடி வாங்கி, காலை வேலை முடிந்து வந்த நாட்களில் அங்கே போய் விழத் தொடங்கினேன். விழுவதைத் தவிர வேறு எதுவும் முதல் கிழமையில் நடக்கவில்லை. பாலர் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக என்னைத் தாண்டிப் போனார்கள். ஒன்று நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனது. என் கணவர் சூடான தேத்தண்ணியோடு வாகனத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைகளில் மகள் வந்து பழக்கினாள். “அம்மா, கீழை பாருங்கோ. ரெண்டு பள்ளக் கோடு போகுதெல்லே? அதுக்குள்ளை ஸ்கீயை வைச்சால் அது தானாக் கொண்டுபோகும்.”

பார்த்தேன். பனியில் அழுத்திய இரண்டு கோடுகள், அகலம் மாறாமல், வளைவில் சேர்ந்தே வளைந்து போயின. அட, இது தண்டவாளம். இதற்கா இவ்வளவு பயந்தேன்? அன்றைக்குப் பிறகு நான் விழுந்தது குறைவு. மட்டமான தரையில் நாளுக்கு நாள் தூரம் கூடியது. கணவர் தேத்தண்ணியைத் தானே குடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போகத் தொடங்கினார்.

சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அதனால் அந்த மாலைக்கான சீஸ் என் பொறுப்பு என்று முன்னமே சொல்லி வைத்தேன். ஒஸ்லோவில் ஒரு கடையில் கேட்டு, சக்கரம் மாதிரி இருந்த முழுச் சீஸைப் பாதியாக வெட்டி வாங்கினேன். பிறந்த பிள்ளையின் பாரம் இருந்தது.

மலையடியில் இறங்கியபோது குளிர் மூக்குக்குள் குத்தியது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் ஸ்கூட்டரோடு நின்றார். இழுவை வண்டியில் விரித்த மான்தோலில் சம்பந்தியம்மா இருந்தார். அவருக்குப் பக்கத்தில் என் கணவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தார். மருமகன் சாமான்களை அடுக்கிக்கொண்டே என் முதுகுப்பைக்கும் கையை நீட்டினான்.

“வேண்டாம்,” என்றேன். “சீஸ் என்னோடு வரும்.”

ஏன் என்று கேட்டான். பரிசை என் கையால்தான் கொடுக்கவேண்டும் என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதியை இங்கே சொல்கிறேன். சீஸ் ஸ்கூட்டரில் போனால், பாவம் அவள் வரப் பிந்தும் என்று அவர்கள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். எனக்கு ஒரு தட்டில் போட்டு மூடி வைப்பார்கள். அந்த மூடி வைத்த தட்டை நினைக்கவே எனக்கு உடம்பு கொதித்தது. என் முதுகில் சீஸ் இருக்கும்வரை ஒருவரும் சாப்பிட முடியாது. நான் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும், அவர்கள் காத்திருந்தே ஆகவேண்டும்.

நெருப்பு மூட்ட மருமகன் முன்னால் போய்விட்டான். மகள் என்னோடு வந்தாள். பாதி வழிவரை நன்றாகத்தான் போனேன். ஆனால் எனக்காக அவள் நின்று நின்று வருவது பிடிக்கவில்லை.

“நீ போ. போய் உருளைக்கிழங்கை அவி. நான் வரேக்கை தண்ணி வடிச்சு இருக்கவேணும்.”

“உங்களைத் தனிய விட்டிட்டோ?”

“தடம் இருக்குது, வெளிச்சம் இருக்குது. போ எண்டுறன்.”

அவள் போய் மறைந்ததும் ஏற்றம் தொடங்கியது. தண்டவாளம் அங்கே முடிந்துவிட்டது. ஸ்கீ நுனிகளை அகட்டி, குதிகளைச் சேர்த்து, மீன்முள் மாதிரித் தடம் போட்டு ஏறவேண்டும். இரண்டடி ஏறினால் ஓரடி வழுக்கியது. கடைசி வளைவுக்குக் கீழே மல்லாக்க விழுந்தேன், சீஸின் மேல். கால்கள் பின்னிக்கொண்டன. எழும்ப முடியவில்லை. அழுகை வந்தது. நோவில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது.

அப்போது பார்த்து ஸ்கூட்டர் சத்தம். மேலே விறகு இறக்கிவிட்டுத் திரும்பி வந்த பண்ணைக்காரர் பக்கத்தில் நிறுத்தினார். “உன்னை ஏற்றி வரச் சொன்னார்கள். ஏறு.”

“இல்லை.”

“பையையாவது தா. எல்லோரும் பசியோடு இருக்கிறார்கள்.”

“இருக்கட்டும்,” என்றேன்.

மனுசன் சிரித்தார். கை கொடுக்கவும் வரவில்லை, போகவும் இல்லை. நான் புரண்டு, முழங்காலில் நின்று, தடியை ஊன்றி எழும்பும்வரை இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைத் தொட்டுவிட்டுக் கீழே போனார். நான் மேலே போனேன்.

வளைவு தாண்டியதும் புகைபோக்கியும் யன்னல் வெளிச்சமும் தெரிந்தன. பொழுது படத் தொடங்கியிருந்தது. நால்வரும் வாசலுக்கு வெளியே வந்து நின்றார்கள். சம்பந்தியம்மா ஒரு தடியில் சாய்ந்திருந்தார்.

“வந்திட்டீரோ,” என்றார் என் கணவர். “பசியிலை உயிர் போகுது.”

கேட்கக் காத்திருந்த வசனம் அதுதான். ஸ்கீயைக் கழற்றிச் சுவரில் சாத்தினேன். நேரே உள்ளே போய், சீஸை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். நான் மேலே விழுந்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல சாமான்.

சம்பந்தியம்மா வெட்டுப் பக்கத்தை நெருப்புக்குக் காட்டிக்கொண்டு இருந்தார். அந்தப் பக்கம் மெல்ல வியர்த்தது, பிறகு பளபளத்தது, பிறகு கொப்புளம் விட்டது. அகலக் கத்தியால் ஒரே இழுப்பில் வழித்து உருளைக்கிழங்கின் மேல் விட்டார். முதல் தட்டை எனக்கு நீட்டினார். வழக்கப்படி அது வீட்டுக்காரிக்குரியது என்று மருமகன் சொன்னான். “இன்றைக்கு இது சுமந்து வந்தவளுக்கு,” என்றார் அவர். ஊறுகாய்ப் போத்தல் கொண்டுபோனேனா என்று கேட்பீர்கள். கொண்டுபோனேன். திறக்கவில்லை. உப்பும் கொழுப்பும் புகை மணமும் சேர்ந்து தொண்டைக்குள் இறங்க, என் வாழ்நாளில் இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை என்று நினைத்தேன். எல்லோரும் எனக்காகக் காத்திருந்து பசித்த சாப்பாடு.

வயிறு நிறைந்ததும் எனக்குத் துணிவு வந்தது. “என்னை ஏன் சாமான்களோடு ஏற்றப் பார்த்தாய்?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “போன வருடம் எனக்கு இடுப்பு மாற்றினார்கள். சிறுவயதிலிருந்து இந்த மலைக்கு நான் ஸ்கீயில்தான் வந்திருக்கிறேன். வண்டியில் ஏறி வருவது இதுதான் முதல் தடவை. தனியாக வர வெட்கமாக இருந்தது. நீ பக்கத்தில் இருந்தால் பேசிக்கொண்டே வந்துவிடலாம் என்று நினைத்தேன்.” பிறகு என் கணவரைப் பார்த்தார். “இவர் வந்தார். வழி முழுக்க என் கையை விடவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.”

மகள் சிரித்துக் குலுங்கினாள். நானும் சிரித்தேன். கத்தியை எடுத்து, அடுத்த தட்டைச் சம்பந்தியம்மாவுக்கு நான் வழித்துக் கொடுத்தேன்.

விடுமுறை முடிந்து கிளம்புகிற காலையில் ஸ்கீயைப் பூட்டிக்கொண்டு சரிவின் விளிம்பில் நின்றேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஏறினவள் இறங்கவும் வேண்டும். ட்ராமுக்குப் பிறேக் உண்டு. இந்த ஸ்கீயை எப்படி நிறுத்துவது என்று நான் பழகவேயில்லை.

இழுவை வண்டியில் இருந்த சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்த்தார். தனக்குப் பக்கத்தில் மான்தோலைத் தட்டினார். “எனக்குத் துணைக்கு வருகிறாயா?”

“உனக்காக வேண்டுமானால் வருகிறேன்,” என்றேன். ஸ்கீயைக் கழற்றி, எல்லோருக்கும் தெரியும்படி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஏறி இருந்தேன். என் கணவர் தன் பையை வண்டியில் வைத்துவிட்டு நின்றார்.

“அப்ப நான்?”

“ஸ்கூட்டர் போன தடம் இருக்குதப்பா. மெதுவா நடந்து வாங்கோ.”

இறங்குகிற வழியெல்லாம் நாங்கள் இருவரும் வாய் ஓயாமல் பேசினோம். கீழே வாகனத்தருகில் கோப்பி குடித்து முடித்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார், மூச்சு வாங்க, காலணிக்குள் பனியோடு.

“சாப்பிட ஏதும் இருக்கே?”

மிச்சச் சீஸ் என் பையில் இருந்தது. “முதல் சொல்லுங்கோ. நான் ஏறினனானோ இல்லையோ?”

“ஏறினது நீர். இறங்கினது நான். சரிக்குச் சரி. சீஸை எடும்.”

சரிக்குச் சரியாம். சீஸைச் சுமந்து ஏறினவள் நான், கையை வீசிக்கொண்டு இறங்கினவர் அவர். ஆனாலும் பெரிய துண்டாகவே வெட்டிக் கொடுத்தேன். வென்றவளுக்குக் கொடுக்க மனம் வரும்.