சாகாத ராஜாவைப் பார்க்கப் போன முனியம்மாள்

கெடார் முனியம்மாள் கூத்துக்காரன் சுப்பராயலுவைக் கட்டி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஆனாலும் புருஷன் ஆடுவதைக் கடைசிவரை இருந்து பார்த்தவள் இல்லை. அவன் கட்டுவதெல்லாம் ராஜா வேஷம், அதிலும் துரியோதனன். கூத்து முடிவதற்குள் ராஜா செத்துத்தானே ஆகவேண்டும்? கட்டினவன் மண்ணில் சாய்வதைக் கட்டினவள் பார்க்கக்கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தாள். மாமியார் போய்ச் சேர்ந்தும் முனியம்மாள் அந்தச் சொல்லை விடவில்லை. துரியோதனன் சாகும் படுகளம் பார்க்க ஊரே போகும். இவள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு வீட்டிலேயே கிடப்பாள்.

போன வருஷம் சுப்பராயலுவுக்கு நெஞ்சுவலி வந்து, பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தான். அன்றிலிருந்து அவன் தும்மினாலும் அவளுக்குத் திக்கென்றிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்திலிருந்து காலேஜ் வாத்தியார் சித்தார்த்தன், காலேஜ் விழாவில் கூத்தாக ஆட ஒரு புதுக்கதையோடு வந்தார். பிரெஞ்சு தேசத்து மூன்றாம் நெப்போலியன் கதை.

"நம்ம புதுச்சேரிக்கும் அப்ப அவன்தாங்க ராஜா. பெரியப்பன், அந்தப் பெரிய நெப்போலியன் பேரைச் சொல்லியே ஓட்டு வாங்கி மேல வந்தான். அப்புறம் பட்டாளத்த வெச்சி சபையக் கலைச்சிட்டு, தானே கிரீடம் வெச்சிக்கினான். பெரிய பெரிய ரோடா போட்டான். கடைசியில பக்கத்து ராஜாகிட்ட வீண் சண்டைக்குப் போயி, வசமா மாட்டிக்கினான்."

சுப்பராயலு கேட்பதற்கு முன்னால் முனியம்மாள் கேட்டாள்: "சண்டையில சாவுறானா?"

"இல்லம்மா. கத்தியக் குடுத்துட்டு சரணடைஞ்சிடுவான். ஊர்ல இருந்தவங்க இனிமே ராஜாவே வேணாம்னு சொல்லிட்டாங்க. வேற தேசத்துல போயி இருந்து, சீக்குலதான் செத்தான். அது கூத்துல வராது."

"அப்ப நானு வர்றேன்."

சுப்பராயலு சிரித்தான். "தோத்தாதான் என்னைப் பாக்க வருவியா?"

"உசுரோட தோத்தா வருவேன்."

காலேஜ் விழா என்பதால் சாயங்காலமே கூத்துத் தொடங்கிவிட்டது. முனியம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையெல்லாம் பாடிவிட்டு, புஜக்கட்டையும் கிரீடமுமாக அவன் வெளியே வந்தபோது, நம்மாளா இது என்று வாய் பிளந்தாள். கட்டியங்காரனாக, கோமாளி வேஷத்தில் வந்த கூத்துக்குழுப் பையன் பூவரசன், "மகாராஜா, ரோடு போட்டீரே, பஸ்சு விட்டீரா?" என்று கேட்க, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சண்டை வந்தது. எதிரிகள் சுற்றி வளைத்தார்கள். மத்தளக்காரன் கைப்பழக்கத்தில் படுகளத்து அடியை அடித்துவிட்டான். கத்தியைக் கொடுக்க வேண்டிய சுப்பராயலு துரியோதனனைப் போலத் தொடையில் அடித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி, தடாலென்று விழுந்தான்.

சித்தார்த்தனுக்கு முகம் வெளுத்தது. முனியம்மாளுக்கோ உயிரே போய்விட்டது. கதையில் இல்லாத சாவு! நெஞ்சு நின்றுவிட்டதென்றே நினைத்து மேடையேறி ஓடி, அவன் மார்பில் கை வைத்தாள்.

"யோவ்! எழுந்திருய்யா!"

ஒற்றைக் கண்ணைத் திறந்தான். "பழக்கத்துல விழுந்துட்டன்டி. நீ எறங்கு."

"நீ எழுந்தாத்தான் எறங்குவேன்."

பூவரசன் அந்தப் பேச்சைச் சட்டென்று பிடித்துக்கொண்டான். "மகாராஜா, பட்டத்துராணியே வந்துட்டாங்க! ஜல்தியா எழுந்து சரணாகதி பண்ணும். இல்லன்னா வூட்ல சோறு கெடையாது!"

கூட்டம் சிரிப்பில் அதிர்ந்தது. சுப்பராயலு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இறங்கு என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்காமல் அவள் மேடை ஓரத்திலேயே சம்மணம் போட்டுக்கொண்டாள். அவன் கத்தியை நீட்டினான், கிரீடத்தைக் கழற்றினான். ராஜ்யம் போன பாட்டைப் பாடும்போது குரல் நிஜமாகவே உடைந்தது. பிறகு தலை குனிந்து, தன் காலாலேயே நடந்து திரைக்குள் போனான். அவள் அழுதாள், கைதட்டவும் தட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சுப்பராயலு கேட்டான்: "பங்குனியில துரியோதனன் இருக்கு. அதுக்கும் வர்றியா?"

"அந்த வேஷத்தப் பூவரசனுக்குக் குடு."

"ஜனங்க இன்னா சொல்லுவாங்க?"

"இன்னா வேணா சொல்லட்டும். நீ விழுந்தத ஒரு தரம் பாத்துட்டேன், போதும்."

விழுப்புரத்தில் பஸ் நின்றது. இறங்கும்போது அவன், "அந்தப் பையனுக்குத் தொடையில அடிச்சிக்கவே தெரியாதுடி" என்றான்.

"கத்துப்பான், எறங்கு" என்றாள் முனியம்மாள்.