முத்திரை குத்தாத எம்.எல்.ஏ.

இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் யார்? போன மாதம், 1962 தேர்தலில் தோற்றுப்போன நம் எம்.எல்.ஏ.!

ஐந்து வருடம் ஜீப்பில் எங்கள் மேல் புழுதி கிளப்பியவர், இப்போது நகர்ந்து இடம் விடுகிறார்.

“ஏனுங்க, எப்படித் தோத்தீங்க?” என்றேன்.

“சதிங்க! என்ற சொந்த ஊரு ஓட்டெல்லாம் செல்லாதுன்னு தள்ளிப்போட்டாங்க.”

ஊர்க்காரர்கள் பாவம். முந்தின தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. இவருடைய சைக்கிள் சின்னம் ஒட்டிய பெட்டியில் ஓட்டுச் சீட்டைப் போட்டால் போதும். இந்த முறை எல்லாருக்கும் ஒரே பெட்டி. சீட்டிலுள்ள சைக்கிள் படத்தின் மேல் முத்திரை குத்த வேண்டும். இவரோ ஊர் ஊராகப் போய், “போன தடவையாட்டவே சீட்டை மடிச்சுப் போட்டுருங்க” என்று முழங்கினார்.

“முத்திரை குத்தோணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?”

“சாவடியில அந்த ஆபீசர் முத்திரையை நீட்டுனாருங்க. ‘எம்.எல்.ஏ.வுக்கே ஓட்டுப் போடச் சொல்லித் தர்றயா?’ன்னு ஒரு சத்தம் போட்டு, வெறும் சீட்டையே மடிச்சுப் போட்டுப்போட்டு வந்தனுங்க!”

பெருமையாகத்தான் சொன்னார்.

அடுத்த தேர்தலிலும் நிற்பாராம். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். அதற்கு முத்திரை தேவையில்லை.